இல்லத்துணையின் நடுவயதுக் கலக்கமும் மற்றவர் உத்தியோகமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம் காரியதரிசி அவர்கள் எம்மிடம் வந்து, "இம்முறை இலக்கியம் வேண்டா, குடும்பத்தார்க்குப் பயன்படும் பொருளொன்றைப் பேசுக" எனப் பணித்தனர். தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எம்மனோர்க்கு இலக்கியத்தை விட்டாற் கால் ஊன்ற வேறு நிலமில்லை. ஆதலின் அதில் ஓரடி வைத்தே தொடங்குவோம், பொறுத்தருள்க.

உலா நூல்கள் பெண்டிர் பருவத்தை ஏழாக வகுக்கும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. இறுதியதாகிய பேரிளம்பெண் பருவம் 32 ஆண்டிற்றொடங்கி 40இல் முடிகின்றது. அதன் பின்னர் யாது பெயர்? பெயரில்லை. ஆடவர்க்குப் பாட்டியலார் காட்டும் கணக்கொன்றிலோ, 30ஐக் கடந்தவன் முதுமகன். அவ்வளவில் ஏடு மூடப்பட்டது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட இருபதாண்டுக்கு நம் முன்னோர் பெயரிட்டாரில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1941 முதல் 1951 வரையுள்ள காலத்தில் இந்நாட்டிற் பிறந்த மகவின் சராசரி ஆயுள் 32 ஆண்டளவே. குழவிப் பருவத்தில் மாண்டோர் மிகப் பலராதலின் அக்கணக்கு அவ்வாறு தாழ்ந்தது என்பதும், நாற்பதைக் கண்டவர் பலர் அறுபதையும் கண்டனர் என்பதும் மெய்யே. எனினும் இன்று அச்சராசரி 70ஐ எட்டிவிட்டது. பெயரில்லாத அவ்விருபதாண்டில்தான் இவ்வவையிலுள்ளாரிற் பெரும்பாலார் இப்போது நடந்துகொண்டிருக்கின்றோம். யாமும் அதனுள்ளேதான் இருக்கின்றோம்.

ஏட்டில் இல்லாத பெயரைப் பாமர மக்கள் வைத்தனர். 'நாற்பதில் நாய்க்குணம்' என்பர். இப்பழமொழியை முதலிற் சொன்னவர் எவரோ ஒருவரின் மனைவியாராகத்தான் இருத்தல் வேண்டும் என்பது எம் ஐயம்.

மேனாட்டில் இதற்கு 'நடுவயது நெருக்கடி' என்னும் பொருள்படப் பெயரிட்டவர் எலியட் ஜாக்ஸ் என்னும் உளநூலார். 1965இல் அவர் எழுதிய கட்டுரையால் அப்பெயர் உலகில் பரவிற்று. ஓவியர், புலவர், இசைவாணர் முதலிய கலைஞர் ஏறக்குறைய 310 பேருடைய வாழ்க்கையை ஆராய்ந்து அவர் அம்முடிவுக்கு வந்தனர். கலைஞர் வாழ்க்கையைக் கொண்டு கணக்கர், கடைக்காரர் வாழ்க்கையை அளத்தல் பொருந்துமோ என்று நாம் கேட்கலாம். பிற்காலத்து அறிஞரும் அதனையே கேட்டனர். அமெரிக்க நாட்டில் நடந்த பெரியதோர் ஆய்வின்வழி 2000இல் வெளிவந்த கட்டுரையொன்று, தமக்கு அத்தகைய நெருக்கடி நேர்ந்ததாகக் கூறியவர் நூற்றுக்கு 26 பேர் என்று காட்டுகின்றது. ஆதலின் நாற்பதைக் கடந்தார் அனைவரும் கலங்குவர் என்று அஞ்சுதல் வேண்டா. நால்வரில் ஒருவர் என்பது மட்டும் சிறிய தொகையன்று. இக்கூடத்தில் எத்தனை வரிசை நாற்காலிகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்துக்கொள்க.

கலக்கம் வரும் வழி பெரும்பாலும் ஒன்றேபோலும். தந்தையோ தாயோ மறைவர். மக்கள் படிக்க வெளியூர் செல்வர். நமக்கு இளையவன் நமக்கு மேலதிகாரியாக வந்து அமர்வான். இருபதாண்டு பழகிய வேலை ஒரு காலையில் திடீரெனச் சுவையற்றுப் போம். 'இதற்காகவா இத்தனை ஆண்டும்?' என்னும் வினா எழும். உறக்கம் கெடும். சிலர் வாய் மூடுவர், சிலர் சீறுவர், சிலர் கைப்பேசியை விட்டுத் தலை நிமிரார், சிலர் மதுவை நாடுவர், சிலர் சோதிடரிடமும், சிலர் புதுத் தொழிலிடமும், சிலர் சொல்லத்தகாத பிற இடங்களிலும் விடை தேடுவர்.

இவ்வாறு கலங்கியவரைப் பற்றிப் பேசுவார் பலர் உளர். யாம் இன்று பேச வந்தது அவரைப் பற்றியன்று. அவரை வீட்டில் இருத்திவிட்டு, காலை எட்டு மணிக்குச் சோற்றுப் பாத்திரத்துடன் வேலைக்குப் புறப்படுகின்றாரே, அவர்தம் துணைவர், அவரைப் பற்றியே பேச வந்தோம்.

எமக்கு அறிமுகமான ஓர் அம்மையார், கணித ஆசிரியை. பெயர் வேண்டா, அவர் இசைவு பெற்றே கூறுகின்றோம். கணவர் நூற்பாலையொன்றில் 22 ஆண்டு கணக்கெழுதியவர். 47ஆம் வயதில் தந்தையை இழந்தார். அவ்வாண்டே, அவரிடம் தொழில் கற்றவர் ஒருவர் அவருக்கு மேலாளராயினர். பங்குனி மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, இனி ஆலைக்குப் போவதில்லை என்றார். சித்திரையில் ஆட்டுப்பண்ணை வைக்கப் போவதாகச் சொன்னார். அதற்குமுன் அவர் ஆட்டைக் கயிறு பிடித்து அறியார்.

அம்மையாரின் பள்ளி வேலைக்கு யாது நேர்ந்தது என்பதைக் கேளுங்கள். முதற்கண் தொலைபேசி. வகுப்பு நடக்கும்போதே நாளொன்றுக்கு ஆறு முறை அழைப்பார்; எடாவிடில், 'என்னை மதிக்கவில்லை' என்று மாலையிற் சச்சரவு. தலைமையாசிரியர் முதலில் கண்டும் காணாதவர்போல் இருந்தார். பின்னர்க் கண்டவராகவே இருந்தார். அடுத்தது விடுப்பு. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அஃது ஆடி பிறக்குமுன் தீர்ந்தது. அவற்றுள் ஒரு நாளேனும் அவர் தம் உடல்நலத்துக்காக எடுத்ததன்று. திருத்தாத நோட்டுகள் மேசைமேல் அடுக்கடுக்காய் ஏறின. பின்னர் வந்தது கடன். ஆசிரியர்க்குரிய சிக்கன நாணயக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் பெயரில் கடன் எடுக்கப்பட்டது; உடன் வேலை பார்க்கும் இருவர் ஜாமீன் நின்றனர். அன்று முதல் ஆசிரியர் அறையில் அவ்விருவரும், 'ஆடுகள் சுகமா?' என்று கேட்கும்போதெல்லாம் அம்மையாருக்கு நெஞ்சு திடுக்கிடும். அவர்கள் அன்பினாற் கேட்டனரோ, அச்சத்தினாற் கேட்டனரோ, அறியோம்; இரண்டும் கலந்தேயிருத்தல் கூடும். முடிவில், உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. பள்ளி 40 கிலோமீட்டர் தொலைவு. வீட்டில் இவரைத் தனியே விட்டுச் செல்வது எங்ஙனம் என்று, வேண்டாவென எழுதிக் கொடுத்துவிட்டார்.

கலங்கியவர் ஒருவர், தேய்ந்தது மற்றவர் உத்தியோகம். இதனை உறவினர் எவரும் இழப்பென்று எண்ணவில்லை. 'அவன் மனம் தெளியுமட்டும் நீ ஓராண்டு சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இரு' என்று மூத்த உறவினர் ஒருவர் அறிவுரையும் கூறினார். அம்மையார் கேட்ட அறிவுரைகளுள் அதனை ஒன்றைத்தான் தள்ளினார். யாம் சொல்கின்றோம், அவர் செய்தவற்றுள் தலையாயது அதுவே. அவ்வீட்டில் வந்துகொண்டிருந்த ஒரே சம்பளம் அது. அன்றியும், நாளில் ஆறு மணி நேரம் அவர் அத்துயரினின்று விலகி, கோணமும் வட்டமும் வரைந்து, தம்மைத் தாமாகக் காத்துக்கொண்ட இடம் அவ்வகுப்பறையே. அதனையும் இழந்திருப்பின் ஒருவர் கலங்கிய வீட்டில் இருவர் கலங்கியிருப்பர். கலங்கியவர் என்றேனும் தெளிந்து திரும்பி வருவார். அப்போது அவர் வந்து நிற்க ஒரு வீடு வேண்டும். அவ்வீட்டைத் தாங்கி நிற்பது மற்றவர் வேலை. அதனைக் காத்தல் தன்னலம் ஆகாது. துணைக்குச் செய்யும் முதல் உதவியே அஃது.

நிற்க. கடனைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லல் வேண்டும். நம் குடும்பங்கள் பெரிதும் வீழ்வது இங்கேதான். பொருளெல்லாம் இழந்து மீண்ட கோவலன், புதுவாழ்வு தொடங்கக் கொண்ட முதல் யாது? மனைவியின் சிலம்பு. அவன் நடுவயதினன் அல்லன், மிக இளையன். ஆயினும், கணவன் புதிதாகத் தொடங்குதற்கு மனைவியின் உடைமை முதலாதல் என்னும் வழக்கம் நமக்கு எவ்வளவு பழையது என்பதற்கு அக்காப்பியம் சான்று. அன்று சிலம்பு, இன்று சம்பளச் சீட்டு. நகைக் கடனாயின் நகையோடு போம். சம்பளத்தின்மேல் வாங்கிய கடன் ஐந்தாண்டு, ஏழாண்டு மாதந்தோறும் முதல் தேதியிற் பிடித்தம் ஆகும். ஜாமீன் நின்றவரையும் இழுக்கும். துணைக்கு நம் காதைக் கொடுக்கலாம், நேரத்தைக் கொடுக்கலாம், இரவு முழுதும் உறங்காது உடனிருக்கலாம். கையொப்பத்தை மட்டும் கேட்டவுடன் கொடுத்தல் ஆகாது. 'ஓராண்டு கழியட்டும், உங்கள் சேமிப்பிற் சிறிதாகத் தொடங்குங்கள், தழைத்தால் என் கையொப்பமும் உண்டு' என்று சொல்லும் மனைவியைக் கல்நெஞ்சினள் என்று பழிக்கும் சுற்றத்தார், தவணை கட்டும் நாளில் எதிர்ப்படார்.

நடுவயதிற் புதுத்தொழில் நாடுவதெல்லாம் பித்து என்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. அப்பருவத்தில் வேலை மாறி நன்றாக வாழ்வாரும் உளர். ஆயின் மாறுதற்கு முறையுண்டு. அரசுப் பணியாளர் சினத்தில் எழுதும் இராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. பழைய ஓய்வூதிய விதிகளுக்கு உட்பட்டவர் இராஜினாமாக் கொடுப்பின் அதுகாறும் செய்த பணியெல்லாம் பயனின்றிப் போம். தமிழ்நாட்டு அடிப்படை விதிகளின்படி, 50 ஆண்டு நிரம்பியவரோ, 20 ஆண்டு தகுதியுள்ள பணி முடித்தவரோ, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். அம்மூன்று மாதம் வெறுஞ் சடங்கன்று. விதியை வகுத்தோர் எக்கருத்தால் வகுத்தனரோ, கலங்கிய மனத்துக்கு அது நல்லதோர் அவகாசம். நம்மவருள் இருவர், ஒரே இரவில் எழுதிய ஒரு தாளினால் ஓய்வூதியம் இழந்ததை யாம் அறிவோம். அத்தாளை மறுநாட் காலைவரை வாங்கி வைத்திருக்க வீட்டில் ஒருவர் இருந்திருப்பின் போதுமாயிருந்தது.

இனி, கலங்குபவர் எப்போதும் கணவரே என்று தாய்மார் மகிழ்தல் வேண்டா. அரசுப் பேருந்து ஓட்டும் அன்பர் ஒருவர். அதிகாலை நாலேகாலுக்கு முதல் நடை எடுப்பவர். மனைவியார்க்கு 46 வயது. நள்ளிரவில் உடல் கொதித்து எழுந்து உட்காருவார், காரணமின்றி அழுவார், 'உங்களுக்கு என்மேல் மனமில்லை' என்பார். ஈராண்டு இவ்வாறு சென்றது. கணவர் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, ஐம்பது அறுபது உயிர்களை ஏற்றிக்கொண்டு வண்டி எடுப்பார். இரண்டு முறை பணிமனைக்குத் தாமதித்துச் சென்று, வேலையின்றித் திருப்பி அனுப்பப்பட்டார். வண்டி எதனிலும் மோதாதது இறைவன் அருளே. கடைசியில் மருத்துவச்சாலைக்குச் சென்றபோது தெரிந்தது யாது? மாதவிலக்கு நிற்கும் பருவம், அதனோடு மிகுந்த உதிரப்போக்கு, அதனால் இரத்தசோகை. நம் நாட்டு மகளிர்க்கு 46, 47 வயதை ஒட்டி இப்பருவம் வருதல் இயல்பு. மருந்துண்டு, ஆறு திங்களில் வீடு அமைதியடைந்தது. ஈராண்டாக அவ்வம்மையாரின் நோய்க்குக் குணக்கேடு என்று பெயர் வைத்திருந்தனர் வீட்டார்.

ஆதலின் நாற்பதைக் கடந்த துணைவரோ துணைவியோ மாறிப்போயின், பேயோட்டியிடமும் பஞ்சாயத்தாரிடமும் செல்லுமுன் மருத்துவரிடம் செல்க. தைராய்டுச் சுரப்பியின் கேடு, சர்க்கரை நோய், இரத்தசோகை ஆகிய மூன்றும் மனக்கேடுபோல் வேடமிட்டு வருவன. மனமே நோயுற்றதாயின் அதற்கும் மருத்துவம் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணிப்பில், மனச்சோர்வு முதலிய நோய்கள் 40 முதல் 49 வயதினரிடையே மிகுதியெனக் கண்டனர். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவிக்கு 14416 என்பது எண், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. உயிரை மாய்த்துக்கொள்வேன் என்ற சொல் ஒரு முறை வாயில் வந்துவிடின், அதனை மிரட்டல் என்று ஒதுக்கற்க. அன்றே மருத்துவரை அணுகுக. அன்று விடுப்பு எடுத்தல் தகும். அந்நாளுக்காகத்தான் மற்றை நாள்களில் விடுப்பைச் சேமிக்கச் சொல்கின்றோம்.

1989இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை இங்குக் கூறுதல் தகும். போல்கர் முதலிய அறிஞர் (முதலியார் அல்லர், முதலியோர்) 166 தம்பதிகளை 42 நாள் தொடர்ந்து நாட்குறிப்பு எழுதச் செய்தனர். கணவனுக்கு வேலையில் தொல்லை மிகுந்த நாளில் மனைவி வீட்டு வேலையைக் கூடுதலாகத் தான் ஏற்றுக்கொண்டாள். மனைவிக்குத் தொல்லை மிகுந்த நாளில் கணவன் அவ்வாறு செய்தது காணப்படவில்லை. மேலும், வீட்டுத் துன்பத்தை வேலைக்குச் சுமந்து செல்பவர் மனைவியரினும் கணவன்மாரே என்றும் அவ்வாய்வு கண்டது. பெண்கள்தாம் வீட்டுக் கவலையை அலுவலகத்துக்குக் கொண்டுவருவர் என்று சொல்லி, பதவிகளை அவர்க்கு மறுக்கும் அதிகாரிகள் இம்முடிவைக் கேட்க வேண்டும். யாம் இங்கே கணவன்மார்க்குச் சொல்வது ஒன்று: மனைவியார் கலங்கிய காலத்தில், உணவகத்திலிருந்து பொட்டலம் வாங்கி வருதல் உதவி என்று எண்ணி அமைதல் போதாது.

அலுவலகத்தில் இச்செய்தியைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். எல்லோரிடமும் சொல்லுதல் வீண். எவரிடமும் சொல்லாமை ஆபத்து. விடுப்பு அளிக்கும் அதிகாரியிடம், 'வீட்டில் நோயாளி ஒருவர் உளர். சில திங்களுக்குச் சிறிது பொறுத்தருள்க' என்று அளவோடு சொல்லிவைத்தல் நன்று. சொல்லாவிடில், தாமதம் சோம்பலென்று எழுதப்படும்; ஏட்டில் ஏறிய சொல்லை அழித்தல் அரிது. வேலை நேரத்துத் தொலைபேசிக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். முன்னே கூறிய ஆசிரியை, உணவு இடைவேளையில் தாமே கணவரை அழைப்பதென்றும், அவசரமாயின் மட்டும் அவர் பள்ளி அலுவலகத்துக்குப் பேசுவதென்றும் ஏற்பாடு செய்துகொண்டார். பத்து நாள் சண்டை நடந்தது. பின்னர் அவர் அந்த நேரத்தை எதிர்நோக்கியிருக்கத் தொடங்கினார். ஆடுகள் யாதாயின என்று கேட்பீர்கள். தடுப்பூசி தவறியதால் ஆட்டுக்கொல்லி நோய் வந்து, 22இல் 17 மடிந்தன. கணவர் இப்போது இரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கெழுதுகின்றார். கடன் இன்னும் தீரவில்லை. பதவி உயர்வு மறு பட்டியலில் வந்தது. இம்முறை அம்மையார் ஏற்றுக்கொண்டார்.

நம்மவருட் பலர் உத்தியோகத்தரல்லர், கடை வைத்திருப்போர். அவர்க்கு இத்தொல்லை வேறு வடிவில் வரும். கணவருக்கு மனம் உடைந்து கடைக்கு வாரா நாளில், மனைவியார் கல்லாவில் அமர்கின்றார். சரக்கு எது, விலை எது, கடன் வைத்தவர் யார் என்பதெல்லாம் அவர்க்குத் தெரியும். இருபதாண்டு பக்கத்தில் நின்றவராயிற்றே. ஆயின் வங்கிக் கணக்கு அவர் பெயரில் இல்லை. காசோலையிற் கையொப்பமிட முடியாது. சரக்கு சேவை வரிப் பதிவு கணவர் பெயரில். மாதக் கணக்கு அளிக்க வேண்டிய கடவுச்சொல் கணவரின் கைப்பேசிக்கு வரும். அவரோ கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்திருக்கின்றார். தேதி தவறினால் தண்டம். மொத்த வியாபாரியோ, 'அண்ணாச்சியிடம் பேசச் சொல்லுங்கள் அக்கா' என்கின்றார். தொழில் தெரிந்த ஒருவர், உரிமை இல்லாமையால் கை கட்டப்பட்டு நிற்கின்றார். ஒரு கடை இவ்வாறு எட்டுத் திங்களில் மூடப்பட்டதைக் கண்டோம். வியாபாரம் குன்றியதால் அன்று.

இது கலக்கம் வந்தபின் செய்யத்தக்கதன்று. இருவரும் தெளிவாயிருக்கும் காலத்திற் செய்யத்தக்கது. வரிப் பதிவில் ஒப்பமிடும் உரிமை பெற்றவராக மனைவியார் பெயரையும் சேர்க்கலாம். வங்கியில் நடப்புக் கணக்கை இயக்கும் அதிகாரத்தை அவர்க்கும் எழுதிக் கொடுக்கலாம். மொத்த வியாபாரியிடம் ஒரு முறை அழைத்துச் சென்று, 'இனி இவர் சொல்லும் சொல்லும் என் சொல்லே' என்று அறிமுகம் செய்யலாம். இதற்குக் காகிதமும் வேண்டா.

சங்கத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். தம்பதியர் பிணக்கு என்று நம்மிடம் வரும்போது, நாம் முதலிற் கேட்பது 'யார் மேல் தப்பு?' என்பதே. அதனை இரண்டாவதாகக் கேட்போம். 'வேலைக்குப் போகின்றவர் யார்? அவர் வேலை இப்போது எந்நிலையில் உளது? அவர் பெயரிற் கடன் ஏதேனும் எழுதப்பட்டதா?' என்று முதலிற் கேட்போம். வரன் பார்க்கும் காலத்தில் பெண்ணுக்கு அரசு வேலை உண்டா என்று ஆர்வத்தோடு கேட்டு எழுதிக்கொள்ளும் நாம், இருபதாண்டு கழித்து அவ்வேலையை விட்டுவிடு என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். கல்யாண மண்டபத்தில், 'என்ன, வீட்டுக்காரர் இப்போது எதுவும் செய்வதில்லையாமே?' என்று பந்தியிற் கேட்பதையும் நம்மவர் நிறுத்திக்கொண்டால், அவ்வம்மையார் அடுத்த முகூர்த்தத்துக்கும் வருவார்.

வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் எழுதவேண்டிய விண்ணப்பங்களை எழுதத் தெரியாதோர், ஞாயிறு முற்பகலிற் சங்கக் கட்டடத்துக்கு வரின், எம்மோடு கணக்கறிந்த அன்பர் இருவரும் இருந்து எழுதித் தருவோம். கணவன் மனைவி இருவரும் வருதல் வேண்டும். வங்கிப் புத்தகத்தையும் வரிப் பதிவுச் சான்றையும் மறவாமற் கொண்டுவருக.